சிப்ரோ மாத்திரை போட்ட கையோடு ஜெலுசில் குடிக்கலாமா?

கொடிக்கால் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி என் அம்மாவைப் பற்றியது. வயது 64. சோழவந்தான் பக்கம் ஊர். இன்னமும் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகிறார். காலையில் ஆறரைக்குப் போனால் வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டி முடித்து வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். அங்கே ஒதுங்க இடம் இல்லை என்பதால் அதுவரை தண்ணீரே குடிக்க மாட்டார். அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கேட்பதில்லை.

போன மாதம் கடுப்பு தாங்க முடியாமல் டாக்டரிடம் காட்டினோம். சிப்ரோஃப்ளோக்சசின் 500, காலை ஒன்று இரவு ஒன்று, ஐந்து நாள். கூடவே வெறும் வயிற்றில் காலையில் பேன்டோப்ரசோல் என்கிற கேஸ் மாத்திரை ஒன்று. மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து, கவரில் போட்டு, 'கா – இ' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று அங்கேயும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நான் ஆனையூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலையில் அம்மா மாத்திரையை விழுங்கினார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அடுத்து தலைமாட்டில் இருந்த ஜெலுசில் பாட்டிலைக் குலுக்கி மூடி நிறைய ஊற்றிக் குடித்தார். அந்த மூடியைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்து, சுண்ணாம்பு டப்பா மூடி மாதிரி இருந்தது. எத்தனை வருடமாக அந்தப் பழக்கம் என்று அதைப் பார்த்தாலே தெரியும். ஏம்மா என்று கேட்டதற்கு, "இந்த மாத்திரை சூடு, வயித்தைப் புண்ணாக்கிடும். இதைக் குடிச்சா உள்ள போய்ப் பூசிக்கிடும்ல" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வயிற்றைப் பார்த்துக்கொள்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை தீர்ந்து மூன்று நாள் கூட ஆகவில்லை, அதே எரிச்சல். ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்து போகிறார். நேற்று என் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "ஆன்டிபயாட்டிக்கோடு அந்த வெள்ளை மருந்தைக் குடிக்கக் கூடாதே" என்றதும் வயிற்றைப் பிசைகிறது. கண்ணால் பார்த்தும் தடுக்காமல் வந்தவள் நான்.

உண்மையிலேயே அதனால்தான் கேட்காமல் போனதா? எத்தனை மணி நேரம் விட்டுக் குடிக்க வேண்டும்? டாக்டரே எழுதிய பேன்டோப்ரசோலும் தப்பா? தம்பிக்கு வாங்கியதில் ஆறு சிப்ரோ மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது. அதை ஜெலுசில் இல்லாமல் திரும்பப் போடச் சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி தம்பி:

அக்கா, கேஸ் மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்திவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் போடும்போது மோர் நிறையக் குடித்தாலே வயிறு எரியாது. எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். மாத்திரையையே மோரில்தான் விழுங்குவார்.

சிம்மக்கல் மருந்தாளுநர்:

தாயி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். தம்பியின் மிச்ச மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கிருமி எது, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் ஆறு மாத்திரையைக் கொடுத்தால், அரைகுறையாக அடங்கி மறுபடி கிளம்பும். அடுத்த ஆன்டிபயாட்டிக் ஒன்று கூட வாய்க்குள் போவதற்கு முன்னால் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட், கொடுத்துவிட வேண்டும். மருந்து போட ஆரம்பித்துவிட்டுக் கொடுத்தால் ரிப்போர்ட் தெளிவாக வராமல் போகலாம். காய்ச்சலோடு குளிர் நடுக்கம், விலாப்பக்கம் வலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது கிருமி சிறுநீரகத்துக்கு ஏறுவதன் அடையாளம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 31 வருடம் மருந்துக் கடையில் நின்றவன் நான். 'வயித்து மருந்து' என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அம்மா சாப்பிடுகிற இரண்டும் வேறு வேறு சாதி.

ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் இருப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும். இரண்டும் உலோக உப்பு. சிப்ரோ இந்த உலோகத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். கொடிக்கால் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்வது சுலபம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் வாயில் சேர்ந்து சிவந்த பிறகு, அதில் சுண்ணாம்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியுமா? அந்த மாதிரிதான். ஒட்டிய பிறகு குடலால் மருந்தை உறிஞ்ச முடியாது. அப்படியே மலத்தோடு வெளியே போய்விடும். சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்துக்குப் போக வேண்டிய சிப்ரோவில் பத்தில் ஒன்பது பங்கு வரைக்கும் போகாமலே போகலாம். அம்மா ஐந்து நாளும் ஒழுங்காக மாத்திரை போட்டார். ஆனால் உடம்புக்குள் போனது கொஞ்சம்தான் என்று ஆகியிருக்கலாம். கிருமியே சிப்ரோவுக்கு அடங்காததாகவும் இருக்கலாம், நம் ஊரில் அதுவும் நிறைய உண்டு. இந்த இரண்டில் எது என்று கல்ச்சர்தான் சொல்லும்.

இடைவெளி என்றால் பலரும் 'ஒரு மணி நேரம் விட்டேனே' என்பார்கள். போதாது. உலோக மருந்து குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்னால் சிப்ரோ போட வேண்டும். முதலில் உலோக மருந்தைக் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் சிப்ரோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப்ரோ காலை 6-க்கும் மாலை 6-க்கும் என்றால், அந்தப் பாட்டிலைத் தொடலாம் என்கிற நேரம் காலை 8 முதல் மதியம் 12 வரை, அப்புறம் இரவு 8 முதல் 12 வரை. மத்தியானம் ஒரு மணிக்கு நெஞ்சு எரிந்தாலும் தொடக் கூடாது. அம்மாவின் வயதில் இதைக் கடிகாரம் பார்த்துச் செய்வது கஷ்டம். அதனால் சிப்ரோ சாப்பிடும் நாட்களில் பாட்டிலையே கண்ணுக்கு மறைவாக எடுத்து வைக்கச் சொல்லி அனுப்புவது என் வழக்கம். லீவோஃப்ளோக்சசினுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் விட்டால் போதும். ஒரே குடும்பத்து மருந்துதான், கணக்கு மட்டும் மாறும். டாக்ஸிசைக்ளினும் இதே போல ஒட்டிக்கொள்கிற சாதி. அதை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

அலுமினியம், மெக்னீசியம் மட்டுமல்ல. கால்சியம் மாத்திரை, ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, துத்தநாகம் சேர்த்த சத்து மாத்திரை, புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் டானிக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சுக்ரால்ஃபேட்டில் அலுமினியம் இருப்பது பலருக்குத் தெரியாது.

வாடிப்பட்டித் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் பால், தயிர், மோர் எல்லாவற்றிலும் கால்சியம் இருக்கிறது. சிப்ரோவை மோரில் விழுங்குவதும் ஜெலுசிலோடு விழுங்குவதும் ஒரே வழிதான், அளவில்தான் வித்தியாசம். மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழும் அப்படியே, கேழ்வரகிலேயே கால்சியம் அதிகம். வெயிலுக்கு டவுன் பக்கம் வந்து ஜிகர்தண்டா சாப்பிட்டாலும் அது பால்தான். சாதாரணச் சாப்பாட்டோடு சிப்ரோ போடலாம், தப்பில்லை. பால் பொருளோடு மட்டும் போடக் கூடாது. சித்தப்பாவிடம் தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள்.

தாயி, இதைக் கேட்க மறக்கக் கூடாது: அம்மா வெற்றிலை போடுகிறவரா? கொடிக்காலில் இருப்பவர் என்றால் போடாமல் இருக்க மாட்டார். சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. மாத்திரை போட்டதும் ஒரு வெற்றிலை என்கிற பழக்கம் இருந்தால் அந்த நேரத்துக்கு அதுவும் வேண்டாம்.

பேன்டோப்ரசோலுக்கு வருவோம். அது உலோகம் இல்லை. அமிலம் சுரக்கிற இடத்திலேயே போய் அடைக்கிறது. சிப்ரோவோடு ஒட்டாது, இடைவெளியும் தேவையில்லை. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். டாக்டர் எழுதியது சரிதான். அம்மா குடித்த பாட்டில் டாக்டருக்குத் தெரியாததுதான் சிக்கல்.

ஆனால் பேன்டோப்ரசோல் எல்லா ஆன்டிபயாட்டிக்குக்கும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிட வேண்டாம். செஃப்யூராக்சிம், செஃப்போடாக்சிம் மாத்திரைகள் நன்றாக ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடைத்து வைத்தால் மருந்து ஏறுவது குறையும். இங்கே மணிக்கணக்கில் இடைவெளி விட்டும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் காலையில் போட்ட பேன்டோப்ரசோல் நாள் முழுக்க வேலை செய்கிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் இந்த இரண்டும் நன்றாக ஏறும். கேஸ் மாத்திரை அந்த நாட்களில் அவசியம்தானா என்று எழுதிய டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். படர்தாமரைக்கு இட்ராகனசோல் கேப்ஸ்யூல் மாதக்கணக்கில் சாப்பிட்டும் போகவில்லை என்று வருகிறவர்களில் தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடுகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அது ஆன்டிபயாட்டிக் இல்லை, பூஞ்சை மருந்து, ஆனாலும் விஷயம் அதேதான்.

அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

தெற்குமாசி வீதிக்காரர்:

ஐயா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும். எனக்கு எண்டோஸ்கோப்பி பார்த்து ஹெச் பைலோரி கிருமி என்று சொல்லி, 14 நாளைக்குப் பேன்டோப்ரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பேன்டோப்ரசோலை நிறுத்திவிடலாமா என்று யோசனை வந்துவிட்டது. வீட்டில் பான்-டி வேறு நிறைய இருக்கிறது. பேன்டோப்ரசோல் தீர்ந்துவிட்டால் அதைப் போட்டுக்கொள்ளலாமா?

சிம்மக்கல் மருந்தாளுநர்:

நிறுத்தவே கூடாது தம்பி. கேட்டது ரொம்ப நல்லது. உங்கள் கிருமி குடியிருப்பதே இரைப்பையின் சுவரில். அங்கே அமிலம் குறைந்தால்தான் அந்த இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் அதை நன்றாகத் தாக்கும். உங்கள் வைத்தியத்தில் பேன்டோப்ரசோல் துணைக்கு வந்த மாத்திரை இல்லை, வைத்தியமே அதை வைத்துத்தான். 14 நாளும் ஒரு வேளை விடாமல் போடுங்கள். வயிறு சரியாகிவிட்டது என்று ஏழாம் நாள் விட்டுவிட்டு, திரும்ப வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

பான்-டி வேண்டாம். அதில் பேன்டோப்ரசோலோடு டாம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. டாம்பெரிடோனைக் கல்லீரல் கரைத்து வெளியேற்றும் வழியைக் கிளாரித்ரோமைசின் அடைத்துவிடும். டாம்பெரிடோன் ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து இதயத் துடிப்பின் தாளத்தையே கெடுக்கக்கூடும். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. நம் ஊரில் பான்-டியை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் ஏதாவது சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசினோடு அவையும் ஏறிக்கொண்டு தசையைப் பாதிக்கும்.

உசிலம்பட்டி நர்ஸ்:

ஐயா சொன்னது எல்லாம் சரி. கொடிக்கால் மகளுக்கு என் பங்குக்கு ஒரு கேள்வி: அம்மாவுக்குச் சுகர் உண்டா? கிளிமிப்ரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா? நான் வீடு வீடாகப் போய்ச் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். சிப்ரோ, லீவோஃப்ளோக்சசின் இரண்டுமே கிளிமிப்ரைடோடு சேர்ந்தால் சுகரைத் திடீரென்று தாழ்த்திவிடும். வயசானவர்களுக்கு இன்னும் அதிகம். படபடப்பு, கை நடுக்கம், வேர்த்துக் கொட்டுவது, கண் இருட்டுவது வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ வெல்லமோ கொடுத்துவிட்டு, சுகர் பார்க்க வேண்டும். வயல் வேலை செய்கிறவர்கள் இதை வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுத்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பயம். குதிகாலுக்கு மேலே நரம்பு இழுத்துப் பிடித்த மாதிரி வலி வந்தாலும் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அது தசைநாரைப் பாதிக்கிற மருந்து.

இன்னொன்று. வீடுகளில் நான் "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் யாரும் ஜெலுசிலைச் சொல்வதில்லை. அது அவர்களுக்கு மருந்தே இல்லை, தலைவலித் தைலம் மாதிரி. அதனால் இப்போது "தலைமாட்டுல என்னென்ன பாட்டில் இருக்கு?" என்று கேட்கிறேன். எல்லாம் வெளியே வந்துவிடும்.

கொடிக்கால் மகள்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் இல்லை என்றால் அந்த ஆறு மாத்திரையைக் கொடுத்திருப்பேன்.

அம்மாவுக்குச் சுகர் உண்டு. கிளிமிப்ரைடுதான் சாப்பிடுகிறார். நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். சிப்ரோ சாப்பிட்ட நாலாம் நாள் கொடிக்காலுக்குள்ளேயே வேர்த்து, கை நடுங்கி, கவுளி கட்ட முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்தில் இருந்தவர் கருப்பட்டித் துண்டு கொடுத்திருக்கிறார், தெளிந்துவிட்டது. "வெயில்னு நெனைச்சேன், அதைப் போய் உங்கிட்ட சொல்லணுமா" என்றார். கொடிக்காலுக்குள் ஏது வெயில்? அகத்தி நிழலில் எப்போதும் குளிர்ச்சியாகத்தானே இருக்கும். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கல்ச்சர் கொடுத்தோம். தலைமாட்டில் இருந்த பாட்டில், அட்டை, டப்பா எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டினேன். ரிப்போர்ட்டில் அந்தக் கிருமிக்குச் சிப்ரோ கேட்கும் என்றே இருந்தது. மருந்து நல்ல மருந்துதான், உள்ளே போகவில்லை என்று டாக்டரும் சொன்னார். ஆனால் சுகர் இறங்கிய கதையைக் கேட்டதும் சிப்ரோ வேண்டாம் என்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு நைட்ரோஃபியூரன்டாயின் என்கிற வேறு ஆன்டிபயாட்டிக் எழுதினார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். சில வெள்ளை மருந்துகள் இதையும் கெடுக்கும், முடியும் வரை அந்தப் பாட்டிலே வேண்டாம் என்றார். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்னாலேயே சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லை என்றால் அம்மா இரண்டாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பார்.

எரிச்சல் இல்லை. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார்.

மருந்தாளுநர் ஐயா கேட்டீர்களே வெற்றிலை பற்றி, ஆமாம், மாத்திரை போட்டதும் அடுத்த வேலை அதுதான். இனி எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் வெற்றிலை போடுவேன் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லணும் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கொடிக்கால் வரப்பு ஓரம் நாலு கீற்று வைத்து ஒரு மறைப்புக் கட்டித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான், வருகிற ஞாயிற்றுக்கிழமை.